லாரி வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டி: விட்டுவிடுவதா, திரும்ப எடுப்பதா?

புது வண்டி புக் பண்ணப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விதான்: "லாரிக்கு ஜிஎஸ்டி விலக்கு ஏதாவது இருக்கா?" டீசல் லாரிக்கு நேரடி விலக்கு என்று ஒன்றும் கிடையாது. ஷோரூமில் பில் போடும்போது வரி கட்டியே ஆக வேண்டும். கட்டிய வரியைப் பிறகு உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுப்பதா (அதாவது வாடகை மேல் நாம் வசூலித்துக் கட்டும் வரியில் அதைக் கழித்துக்கொள்வது, கிரெடிட் என்பதும் இதுதான்), அதை வண்டி விலையோடு சேர்த்துவிட்டு ஜிஎஸ்டி தலைவலியே இல்லாமல் ஓட்டுவதா என்பதுதான் நம் கையில் இருக்கும் முடிவு. நாமக்கல், சங்ககிரி பக்கம் ரெண்டு விதமாகவும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ரெண்டு பேருமே தாங்கள் செய்வதுதான் சரி என்பார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 18 ஆகிவிட்டது. சேஸுக்கும் (பாடி கட்டாத வெறும் எஞ்சினும் சட்டமும்) அதேதான், டயருக்கும் அதேதான். அதே நாளில் இன்னொன்றும் மாறியது, அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை. டிரான்ஸ்போர்ட் கம்பெனி தானே வரி வசூலித்து, உள்ளீட்டு வரியும் எடுத்துக்கொள்ளும் முறையில் வாடகை மேல் இருந்த 12 சதவீதம் 18 ஆனது. எடுக்காத முறையில் 5 சதவீதம் அப்படியே நிற்கிறது.

சரி, இப்போது இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, வண்டியை டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு வாடகைக்கு விடுவது. பில்டி (சரக்கை ஏற்றியதற்கான சீட்டு) போடுவது அவர்கள், நீங்கள் வெறும் வண்டி ஓனர். பில்டி போடும் கம்பெனிக்கு வண்டியை வாடகைக்கு விட்டால் அந்த வாடகைக்கு ஜிஎஸ்டி இல்லை. ரிட்டர்ன் இல்லை, மாதம் 20-ம் தேதிக்குள் வரி கட்ட வேண்டுமே என்ற பயம் இல்லை. ஆனால் வண்டி வாங்கும்போது கட்டிய வரி போனது போனதுதான்.

ரெண்டாவது வழி, நீங்களே பில்டி போடுவீர்கள், வரியைப் பார்ட்டி, அதாவது வாடகை கொடுக்கிறவர், கட்டுவார். ஆர்சிஎம் (ரிவர்ஸ் சார்ஜ்) என்று சொல்வது இதைத்தான். கம்பெனி, பார்ட்னர்ஷிப், ஃபேக்டரி, ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்று வாடகை கொடுக்கிறவர் இருந்தால் 5 சதவீதத்தை அவரே அரசுக்குக் கட்டிவிட்டு, தன் கணக்கில் கிரெடிட் எடுத்துக்கொள்வார். இந்த மாதிரி லோடு மட்டுமே ஓட்டுகிறவர் ஜிஎஸ்டி பதிவுகூட எடுக்க வேண்டியதில்லை. இதிலும் வண்டி மேல் கட்டிய வரி திரும்ப வராது.

மூன்றாவது, நீங்களே 18 சதவீதம் போட்டு வசூலித்துக் கட்டுவது. இதில்தான் வண்டி, பாடி, டயர், ஸ்பேர் எல்லாவற்றிலும் கட்டிய வரி திரும்ப வரும். நீங்களே 5 சதவீதம் கட்டி உள்ளீடு எடுக்காமல் இருக்கும் இன்னொரு முறையும் உண்டு. ஆர்சிஎம் கட்ட மாட்டேன் என்று பார்ட்டி அடம்பிடித்தால் தவிர அதற்குப் பெரிய உபயோகம் இல்லை.

கணக்குப் போட்டால்தான் புரியும். சேஸ் விலை வரி இல்லாமல் 36 லட்சம், பாடி கட்டும் கூலியும் சாமானும் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த தொகை, உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பழைய 28 சதவீதத்தில் சேஸுக்கு மட்டும் 10.08 லட்சம் வரி. இப்போது 6.48 லட்சம். பாடிக்கு 18 சதவீதத்தில் 1.08 லட்சம். ஆக மொத்தம் 7.56 லட்சம்.

முதல் ரெண்டு வழியில் போகிறவருக்கு இந்த 7.56 லட்சம் முழுக்கச் செலவு. ஆனால் முன்பு இதே வண்டிக்கு 11.16 லட்சம் செலவாகியிருக்கும். 3.60 லட்சம் மிச்சம், கடன் டியூவும் அந்த அளவுக்கு இறங்கும். வரிக் குறைப்பின் பலன் முழுசாகப் போய்ச் சேர்ந்தது கிரெடிட் எடுக்காத இந்தச் சின்ன ஓனர்களுக்குத்தான். கிரெடிட் எடுக்கிறவருக்கு 28 ஆனாலும் 18 ஆனாலும் எப்படியும் திரும்ப வரும் காசு, முன்பணம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழிக்காரருக்கு மாதம் 3.5 லட்சம் வாடகை ஓடுகிறது என்று வையுங்கள். 18 சதவீதம் என்றால் மாதம் 63,000 வரி வசூல். கையில் இருக்கும் 7.56 லட்சம் கிரெடிட்டில் கழித்தால் பன்னிரண்டே மாதத்தில் தீர்ந்துவிடும். பழைய விகிதத்தில் 11.16 லட்சம் கிரெடிட், மாதம் 42,000 வரி, தீருவதற்கு ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். பணம் சீக்கிரம் கைக்கு வருகிறது என்ற வகையில் இது நல்லதுதான்.

பதின்மூன்றாவது மாதத்திலிருந்துதான் கதை மாறுகிறது. நம் தொழிலில் பெரிய செலவு டீசல், அது ஜிஎஸ்டிக்குள்ளேயே வராது, ஒரு ரூபாய் கிரெடிட் கிடையாது. டோலுக்கு இல்லை, டிரைவர் பேட்டாவுக்கு இல்லை. மிச்சம் இருப்பது டயர், ஸ்பேர், இன்சூரன்ஸ். டயரும் ஸ்பேரும் வருஷத்துக்கு 4 லட்சம் வாங்கினாலும் 72,000தான் கிரெடிட், வாடகை மேல் வருஷத்துக்கு வசூலிக்க வேண்டியதோ (63,000 வீதம் பன்னிரண்டு மாதம்) 7.56 லட்சம். இன்சூரன்ஸில் வரும் கிரெடிட்டை விட்டுப் பார்த்தால் மீதி 6.84 லட்சத்தைக் காசாகக் கட்ட வேண்டும். அது பார்ட்டி காசுதானே என்பீர்கள். பார்ட்டி எப்போது தருகிறார்? பில் போட்ட அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் நீங்கள் வரியைக் கட்டியிருக்க வேண்டும், பார்ட்டியோ அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இழுப்பார், அக்கவுண்ட்ஸ் ஆள் லீவு என்பார். தாமதமாகக் கட்டினால் வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. சொந்தக் கையிலிருந்து வரியைப் போட்டுவிட்டு வாடகைக்காகக் காத்திருக்கத் தெம்பு உள்ளவர்களுக்குத்தான் இந்த வழி. வருஷா வருஷம் ரெண்டு மூணு புது வண்டி இறக்குகிற கம்பெனிக்குக் கிரெடிட் வந்துகொண்டே இருக்கும், அவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒரு வண்டி வாங்கிவிட்டு ஏழு வருஷம் ஓட்டுகிறவருக்குப் பொருந்தாது.

நீங்கள் என்ன லோடு ஏற்றுகிறீர்கள் என்பதும் முக்கியம், ஆடிட்டர்களே சில நேரம் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அரிசி, பருப்பு, பால், உப்பு, காய்கறி ஏற்றினால் வாடகைக்கே ஜிஎஸ்டி விலக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மூன்றாவது வழியில் இருந்துகொண்டு பாதி லோடு அரிசியும் வெங்காயமும் ஓட்டினால், வண்டி மேல் எடுத்த கிரெடிட்டில் அந்தப் பங்கை அறுபது மாதக் கணக்கில் திருப்பி விட வேண்டும். அதே மாதிரி, பெட்ரோல், டீசல் மாதிரி ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கும் சரக்கை விற்கிற பார்ட்டிக்கு உங்கள் 18 சதவீதத்தை அதற்கு எதிராகக் கழிக்க முடியாது, அவருக்கு அது சுத்தச் செலவு. 5 சதவீத வண்டிக்காரர் பக்கத்திலேயே நிற்கும்போது அவர் உங்களைக் கூப்பிட மாட்டார். சிமெண்ட், ஸ்டீல் மாதிரி முழு வரி கட்டும் தொழிற்சாலைகள் என்றால் பெரிய ஆட்சேபணை இருக்காது, 18-ம் அவர்களுக்குக் கிரெடிட்தான்.

விற்கும்போது என்ன ஆகும் என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கிரெடிட் எடுத்த வண்டியை விற்றால் விற்ற தொகை முழுவதுக்கும் வரி உண்டு. எடுத்த கிரெடிட்டில் காலாண்டுக்கு 5 சதவீதம் கழித்தது போக மிச்சம் இருப்பது அந்த வரியைவிட அதிகம் என்றால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். ஐந்து வருஷம் கழித்து 15 லட்சத்துக்கு விற்றால் 18 சதவீதத்தில் 2.70 லட்சம். பழைய வண்டி வாங்க வருகிறவர் பெரும்பாலும் ஒற்றை வண்டி ஓனர், அவருக்கு இந்த 2.70-ஆல் ஒரு பிரயோஜனமும் இல்லை, "பதினஞ்சுக்குள்ள முடிங்கண்ணே" என்றுதான் நிற்பார். அப்போது அந்த வரி உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும். கிரெடிட் எடுக்காமல், ஆனால் ஜிஎஸ்டி பதிவோடு இருக்கிறவர் விற்றால் லாபப் பகுதிக்கு மட்டும் 18 சதவீதம், அதிலும் தேய்மானம் காட்டியிருந்தால் விற்ற விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம். பதிவே இல்லாத ஓனருக்கு இந்த வரி கிடையாது.

எலெக்ட்ரிக் லாரிக்கு ஜிஎஸ்டி வெறும் 5 சதவீதம். விலக்குக்குக் கிட்டத்தில் வருவது அதுதான். வண்டி விலையையும் வழியில் சார்ஜ் போடும் வசதியையும் பார்த்தால் லாங் ரூட்டுக்கு இப்போதைக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒன்றிலிருந்து ஐந்து வண்டி வரை உள்ளவர்கள் முதல் ரெண்டு வழியை விட்டு வெளியே வர வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் போய், பார்ட்டியும் நல்ல பார்ட்டி, வண்டியும் தொடர்ந்து வாங்குகிறீர்கள் என்றால் மூன்றாவதைப் பாருங்கள். அதற்கான அறிவிப்பை முந்தைய நிதியாண்டின் ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் ஜிஎஸ்டி போர்ட்டலில் கொடுத்துவிட வேண்டும், நடு வருஷத்தில் மனசு மாறினால் செல்லாது. வேண்டாம் என்று திரும்ப எழுதிக் கொடுக்கும்வரை அடுத்தடுத்த வருஷங்களுக்கும் அதுவே தொடரும். கிரெடிட் எடுக்கப் போகிறவர்கள் புக்கிங் அன்றைக்கே ஷோரூமில் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து, புரொஃபார்மாவில் (பில்லுக்கு முன் தரும் விலைச் சீட்டு) அது ஏறியிருக்கிறதா என்று வாங்குபவர் பெயருக்குக் கீழே உள்ள கட்டத்தைப் பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே திருத்தச் சொல்லுங்கள். பாடி கட்டும் பட்டறை பில்லுக்கும் இதே கதைதான், அங்கே துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை வாங்கிக்கொண்டு வந்தால் 1.08 லட்சம் அங்கேயே நின்றுவிடும். அப்புறம், கிரெடிட் எடுத்த வரித் தொகையையும் சேர்த்து வண்டி விலையாகக் காட்டித் தேய்மானம் போடக் கூடாது, ரெண்டில் ஒன்றுதான்.