கடனையும் அடைத்து, கூரையையும் சரிசெய்து தருகிறோம் என்று வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

அந்த இரவு விழுந்த காரைத் துண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். மகள் வழக்கமாகத் தலை வைக்கும் தலையணையின் நடுவில் கிடந்தது. அன்று அவளுக்குக் காய்ச்சல், அதனால் அம்மாவோடு கூடத்தில் படுத்திருந்தாள். சத்தம் கேட்டு ஓடிப்போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மேலே காரை பெயர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது. பழுப்பேறி, செதில் செதிலாக உரிந்து நின்றது. பக்கத்தில் நீர் ஊறிய வட்டம் ஒன்று, விளக்கின் ஒயர் போகும் இடம் வரை படர்ந்திருந்தது.

அப்போது எனக்கு 5 கடன் இருந்தது. மூன்று கிரெடிட் கார்டு, ஒரு தனிநபர் கடன், போன் செயலியில் வாங்கிய ஒன்று. கார்டுகளுக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். வட்டிக்கு வட்டி ஏறினால் அது வருடத்துக்கு 51 சதவீதம். பாக்கி நிற்கிற கார்டில் புதிதாக எதையாவது வாங்கினால், பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஓடத் தொடங்கிவிடும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம் தலையணை மேல் கிடந்த துண்டு மட்டும்தான்.

தூக்கம் வராமல் இரவு இரண்டு மணிக்குப் போனில் வீட்டுப் பழுதுக்குக் கடன் கிடைக்குமா என்று தேடினேன். கண்ணில் பட்ட படிவத்தில் பெயர், எண், எவ்வளவு கடன் இருக்கிறது என்பது வரை நிரப்பினேன். பொழுது விடிவதற்குள் மூன்று அழைப்புகள். அதில் ஒருவர் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

நல்ல மனிதராகத்தான் பேசினார். மகளிடம் எந்த வகுப்பு என்று கேட்டார். படுக்கையறைக் கூரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு சொன்னார்: "சார், இது எப்ப வேணா இறங்கிடும். குழந்தை இருக்கிற வீடு. உங்க பழைய கடன் அஞ்சையும் மொத்தமா அடைச்சிடுறோம், கூரை வேலையையும் எங்க ஆளுங்களே முடிச்சிடுவாங்க. ஒரே தவணை. ஆனா இன்னைக்கே சொல்லணும், இந்த வட்டி நாளைக்கு இருக்காது." நான் அழுதுவிடும் நிலையில் இருந்தேன். என் இரண்டு பாரத்தையும் ஒருவரே இறக்கி வைக்கிறேன் என்றால் யாருக்குத்தான் மனம் இளகாது?

அவர் மாடிக்கு ஏறவே இல்லை. ஒழுகுகிற கூரைக்கு மதிப்புப் போட வந்தவர், மேலே போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்கவில்லை. அந்த ஒன்றிலேயே நான் விழித்திருக்க வேண்டும். என் மனைவிக்கு வேறொன்று உறுத்தியது. "வீட்டுப் பத்திரத்தை எதுக்குக் கேக்குறாங்க?" என்றாள். எல்லாம் வழக்கமாகக் கேட்பதுதான் என்று அவள் வாயை அடைத்தேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

ஏன் வலிக்கிறது என்று சொல்கிறேன். கார்டுக் கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் நான் எதையும் அடகு வைத்திருக்கவில்லை. கட்டத் தவறினால் வட்டி ஏறும், அபராதம் விழும், ஆள் மேல் ஆள் போன் செய்வார்கள், வழக்குக்கூட வரலாம். ஆனால் வீடு அந்தக் கடனோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கவில்லை. பத்திரத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட அன்று அத்தனை கடனையும் வீட்டின் மேல் ஏற்றிவிட்டேன். இனி தவணை தவறினால் போவது கூரை இல்லை, வீடே.

அப்புறம் வட்டி. 12 சதவீதம்தான் என்றார். 51-ஐப் பார்த்து நொந்தவனுக்கு 12 சொர்க்கமாகத் தெரிந்தது. அது ஃபிளாட் வட்டி என்பது ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. வாங்கிய தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு வட்டி 36, மொத்தம் 136, அதை 36 தவணையாகப் பிரித்தால் மாதம் 3.78. அசலில் முக்கால்வாசியைக் கட்டி முடித்த பிறகும் வட்டி மட்டும் முழு 100-க்கே கணக்கிடப்படும். குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் முறைக்கு மாற்றிப் பார்த்தால் இது வருடத்துக்குச் சுமார் 21 சதவீதம். கார்டைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டை ஈடாக வைத்து வாங்கும் கடனுக்கு 21 என்று அவர் வாய்திறந்து சொல்லியிருந்தால் அன்றே எழுந்து போகச் சொல்லியிருப்பேன்.

அந்த 100-ம் என் கைக்கு வரவில்லை. செயல்பாட்டுக் கட்டணம், காப்பீடு என்று 9 பிடித்துக்கொண்டார்கள். கூரை வேலைக்கான 40, வேலை தொடங்கும் முன்பே அவர்களுடைய ஒப்பந்தக்காரருக்கு நேராகப் போய்விட்டது. மிச்சம் 51. என் பழைய கடன் 60. மூன்று கார்டும் தனிநபர் கடனும் அடைந்தன, செயலிக் கடன் அப்படியே நின்றது. இது போக, கடன் வருவதற்கு முன்பே 'கோப்புச் செலவு' என்று ஒரு தொகையை அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ரசீது இல்லை. கடன் தருகிறவர் கட்டணம் எடுப்பதாக இருந்தால் நிறுவனத்தின் பெயரில், ரசீதோடு எடுக்க வேண்டும். கடன் வரும் முன்பே தனி ஆளின் கணக்குக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வேலை இரண்டே நாளில் முடிந்தது. முதல் நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது, தளம் ஈரமாக இருந்தது. அதன் மேலேயே வெள்ளைப் பூச்சை உருட்டினார்கள். கீழே பெயர்ந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பிப் பெயின்ட் அடித்தார்கள். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. 10 வருட உத்தரவாதம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் கையெழுத்தும் இல்லை, முகவரியும் இல்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு மழை. அதே இடம் ஒழுகியது. மேலே போனால் பூச்சு அப்பளம் போல் உப்பிக் கிடந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே தண்ணீர் தளும்பியது. வந்து பேசியவர் போனை எடுக்கவில்லை. கடன் நிறுவனத்தைக் கேட்டால், வேலை அவர்கள் பொறுப்பில்லை, தவணை மட்டும் 5-ஆம் தேதி வந்துவிட வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தவர் மூலம் ஒரு வயதான கொத்தனார் வந்தார். அவர் முதலில் செய்தது மாடிக்கு ஏறியது. ஒரு குடம் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, அது எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் போகவே இல்லை. கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றது. குழாய் வாயில் கையை விட்டு ஒரு பிடி மக்கிய சருகை இழுத்துப் போட்டார். சுவரும் தளமும் சேரும் இடத்தில் நகக்கண் அகல வெடிப்பு. "தம்பி, தண்ணி இங்க எறங்குது. அவங்க பூசினது அங்க" என்றார்.

கீழே வந்து சுத்தியல் கட்டையால் கூரையை அங்கங்கே தட்டினார். நல்ல இடத்தில் கெட்டிச் சத்தம், சில இடத்தில் பொத்தென்று. பொத்தென்ற இடத்திலெல்லாம் உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்றார். நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ளக் கான்கிரீட் வெடித்து உதிரும். துருவைச் சுரண்டாமல் மேலே கலவையை அப்பினால் மறுபடி பெயர்ந்துதான் விழும்.

அவர் சொன்ன அவசர வேலை எவ்வளவு தெரியுமா? அந்த அறையை உடனே காலி செய்வது, அந்த விளக்குக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவது, தளர்ந்த காரையைத் தட்டி இறக்குவது, குழாயைத் திறந்து வெடிப்பை அடைப்பது, பெயர்ந்த இடத்துக்கு முட்டுக் கொடுப்பது. இரண்டு ஆள், ஒன்றரை நாள் கூலி. கம்பியைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, கூரைக்கான பழுதுக் கலவை போடுவது, மாடியில் 100 அடிக்கு ஓர் அடியாவது வாட்டம் எடுத்துத் தளம் போடுவது, இதெல்லாம் ஈரம் காய்ந்த பிறகு பகுதி பகுதியாகச் செய்யலாம் என்றார். முதல் நாளே இவரைத் தேடியிருந்தால் அந்த 40-ஐ நான் கடனாக வாங்கியே இருக்க மாட்டேன்.

உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால் முதலில் அந்த அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள். அதன் பிறகு உங்களுக்கு நாள் இருக்கிறது. கடன் விற்காத ஒருவரை மாடிக்கு ஏற்றிக் காட்டுங்கள், முடிந்தால் இரண்டு பேரை. கட்டடம் படித்த பொறியாளர் என்றால் இன்னும் நல்லது. கூலியை வேலை நகர நகரக் கொடுங்கள். கடைசிப் பங்கை, வடிகுழாயை அடைத்துத் தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு கொடுங்கள். கூரை தளர்ந்திருந்தால் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு தேக்குங்கள்.

கடனுக்கு, ஏற்கெனவே கொடுத்தவர்களிடமே நேரில் போய்ப் பேசுங்கள். நான் பயந்து பயந்து ஒளிந்தேன். கடைசியில் வருமானச் சீட்டையும் கூரையின் படத்தையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தபோது, செயலிக் கடனைச் சிறு தவணைகளாகப் பிரித்துத் தந்தார்கள். அபராதத்தில் பாதியை விட்டார்கள். எழுத்தில் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். வீட்டின் மேல் உள்ள தவணையை எதற்கும் தள்ளிப்போடுவதில்லை, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வேலை செய்தவர்கள் மேல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய பதிவு, ஈரத்தில் பூசும்போது மனைவி எடுத்து வைத்திருந்த படம், கையெழுத்தில்லாத அந்தத் தாள், எல்லாம் கோப்பில் இருக்கிறது. இன்னும் 22 தவணை பாக்கி. மகள் கூடத்தில்தான் படுக்கிறாள். அறையில் முட்டு நிற்கிறது, கம்பிக்குப் பூச்சு அடுத்த வாரம்.