மூடியில்லாத அறை: வீட்டு அலுவலகத்தை இயல்புக்கேற்ப அமைத்த அனுபவம்

என் வேலை மேசையைச் சுற்றி மூடி போட்ட பெட்டி ஒன்றுகூட இப்போது இல்லை. தட்டுகள், பெட்டிகள், இழுப்பறைகள் என்று ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்த பிறகு நிலைத்து நின்ற ஏற்பாடு இது. வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்தும் வேலை எனக்கு. அச்சுப்படிகள் கட்டுக்கட்டாக வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் பெட்டிகளில் அடுக்கி மூடிய வாரத்தில் அறை பளிச்சென்று இருக்கும். ஆனால் பெட்டிக்குள் போன காகிதம் என் நினைவைவிட்டும் போய்விடும். கண்ணில் படுகிற வேலையைத்தான் என் கை தேடிப் போகிறது. இதை ஒழுங்கின்மை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அறையின் மறுபாதி என் கணவருடையது. கணக்கு எழுதும் வேலை அவருக்கு. மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தாலும் அவருக்கு வேலை ஓடாது.

“இதையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டால் என்ன?” என்று தொடக்கத்தில் அடிக்கடி கேட்பார்.

“உள்ளே வைத்துவிட்டால், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியது எது என்று எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்?”

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். 1983-இல் தாமஸ் மலோன் என்ற அமெரிக்க ஆய்வாளர், அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் தங்கள் மேசைகளை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதினார். பெயரிட்டுக் கோப்புகளில் வைப்பது ஒரு வழி, குவியலாக வைப்பது இன்னொரு வழி என்று பிரித்துக் காட்டினார். மேசைமேல் கிடக்கும் குவியல், செய்ய வேண்டியதை நினைவூட்டும் வேலையையும் செய்கிறது என்பது அவர் கண்டவற்றுள் முக்கியமானது. அறையைச் சீராக்கச் சொல்லும் அறிவுரைகள் பலவும் இந்த நினைவூட்டலைக் கணக்கில் எடுப்பதில்லை. குவியலை அகற்றச் சொல்கிறார்கள்; அது செய்துவந்த வேலையை இனி எது செய்யும் என்று சொல்வதில்லை.

வேண்டாதவற்றைக் கழிப்பதில் எனக்குப் பெரிதாகச் சிரமம் இருக்கவில்லை. வேறிடத்தில் பிரதி இருக்கும் காகிதம் வெளியே போகலாம், அவ்வளவுதான். உண்மையில் கழிக்கக் கடினமாக இருந்தவை, நேர்த்தியாகக் கோப்பிட்டு வைத்தவைதான். விட்டேக்கர், ஹிர்ஷ்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்விலும் இதைப் பார்க்கலாம். அலுவலகம் இடம் மாறும் சமயத்தில் ஊழியர்களின் காகிதங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். குவிப்பவர்களைவிடக் கோப்பிடுபவர்களிடம்தான் காகிதம் அதிகம் சேர்ந்திருந்தது. அதைக் கோப்பிட்டவர்கள் எடுத்துப் பார்த்ததும் குறைவு. உழைத்து அடுக்கிய ஒன்றைத் தூக்கிப் போட மனம் வருவதில்லை. ஆகவே எதன் மதிப்பும் தெரிவதற்கு முன்னால் அதற்குப் பெயர் எழுதி, வகை பிரித்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன்.

இனி, எனக்கு மிகவும் பயன்பட்ட முறைக்கு வருகிறேன். யுகியோ நொகுச்சி என்ற ஜப்பானியப் பொருளியலாளர் 1993-இல் பரப்பிய முறை இது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெரிய உறை. ஏ4 தாளை மடிக்காமல் போடக்கூடிய உறையின் மேல்மடிப்பை வெட்டிவிட்டு, ஓரத்தில் தேதியும் வேலையின் பெயரும் எழுதி, புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும். வகைபிரிப்பே கிடையாது. எடுத்த உறையைத் திருப்பி வைக்கும்போது வரிசையின் இடது கோடியில் வைக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் போதும்: இப்போது நடக்கும் வேலைகள் இடப்பக்கம் தாமாகவே சேர்ந்துவிடும், தொடாதவை வலப்பக்கம் நகர்ந்துவிடும். எடுத்ததை முன்னால் வைப்பது கணினியியலிலும் பெயர்பெற்ற உத்தி. தேட ஆகும் உழைப்பு, வரப்போவதை முன்கூட்டியே அறிந்து அடுக்கும் மிகச் சிறந்த முறைக்கு ஆகும் உழைப்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாண்டாது என்று ஸ்லீட்டர், டார்ஜன் என்ற கணினியியலாளர்கள் 1985-இல் நிறுவினார்கள். என் அலமாரியில் தேடல் பெரும்பாலும் முதல் ஐந்தாறு உறைகளுக்குள் முடிந்துவிடுகிறது.

நீண்ட நாள் புழக்கத்தில் தெரியவந்த குறைகளும் உண்டு. மெல்லிய வெள்ளை உறைகள் இடுப்பொடிந்து சாய்ந்துவிடுகின்றன. தடித்த பழுப்பு உறைகளே தாங்கும். வலது கோடியில் கனமான புத்தகத் தாங்கி ஒன்று கட்டாயம் தேவை. இரண்டு விரல் பருமனைத் தாண்டும் அச்சுப்படியை இரண்டு உறைகளாகப் பிரிக்காவிட்டால் ஓரம் கிழிந்து, எழுதிய பெயரும் அதோடு போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியம்: சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரம், வீட்டுப் பத்திரம் போன்றவற்றை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. அவற்றைப் பல ஆண்டுகள் தொடாமலே இருப்போம். வலக்கோடிக்குப் போய், கழிக்க வேண்டியவற்றோடு கலந்துவிடும். எங்கள் வீட்டில் அவை கணவரின் பூட்டுள்ள இழுப்பறையில் இருக்கின்றன, அவருக்கே உரிய அகரவரிசையில்.

காகிதம் வைக்கும் மூன்றடுக்குத் தட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேல் தட்டு மட்டுமே உயிரோடு இருக்கும். அடியில் இருப்பது போட்டது போட்டபடியே கிடக்கும். ஒற்றைத் தட்டு போதும். கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், அளவுகோல் மூன்றும் சுவரில் கொக்கி போட்ட துளைப் பலகையில் தொங்குகின்றன. அது குறை வைத்ததே இல்லை. ஒயர்களைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டாமல் வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள், கருவி மாற்றும்போது வெட்ட வேண்டியிருக்காது. படிக்கவும் எழுதவும் ஐரோப்பிய நியமம் சொல்லும் வெளிச்சம் 500 லக்ஸ்; அறைவிளக்கு மட்டும் இருந்த காலத்தில் மாலையானால் கண் எரியும், மேசைவிளக்கு வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு இயல்புகள் ஓர் அறையைப் பகிர்வதற்கு உதவியது ஓர் அலமாரிதான். பின்பலகை உள்ள, இடுப்புக்குச் சற்று மேலே வரும் அலமாரியை இரு மேசைகளுக்கும் நடுவில் நிறுத்தினோம். திறந்த பக்கம் என்னை நோக்கியும் பின்பலகை அவரை நோக்கியும் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது அவர் கண்ணில் படுவது வெறும் பலகை. எனக்கோ எல்லா உறைகளும் ஒரே பார்வையில். பிரிண்டர் மேசை பொது. இரவில் அதன்மேல் யாருடைய காகிதமும் இருக்கக் கூடாது என்பது இருவரும் சேர்ந்து வைத்த விதி. அறை பற்றிய பேச்சு எங்களுக்குள் வாக்குவாதமாக மாறுவது அதோடு நின்றது.

அலமாரியின் அகலம் 90 செ.மீ. உறைகள் அதை நிரப்பும்போதெல்லாம் வலக்கோடியிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார்த்து, பெரும்பாலானவற்றைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடுகிறேன். இதைவிடப் பெரிய அலமாரி வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.