வீடு தேடி வந்து ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றியவரால் 57,650 ரூபாய் இழந்தேன்: தயவுசெய்து படியுங்கள்

குடியாத்தத்தில் எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய கல்யாண மண்டபத்தின் 25 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர், நேற்று முன்தினம் இரவு ஒரு வரவேற்பின் நடுவில் கடகடவென்று சத்தமிட்டு நின்றுபோனது. மணமக்கள் மேடையில் இருந்தார்கள். பந்தியில் இரண்டாம் வரிசை உட்கார்ந்திருந்தது. இருட்டில் குழந்தைகள் அழுத சத்தமும், பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றதும் இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. இந்த என்ஜினுக்கு 6,850 ரூபாய் கொடுத்து ஆயில் மாற்றி ஒரு மாதம் கூட ஆகவில்லை. அந்த ஆயில் மாற்றத்தால் எனக்கு இதுவரை ஆகியிருக்கும் மொத்த நஷ்டம் 57,650 ரூபாய். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் ஜெனரேட்டரைப் பத்து வருடங்களாகப் பார்த்துவந்த ஆம்பூர் மேஸ்திரி, கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் ஓய்வில் இருந்தார். வைகாசி 1ஆம் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதைத் தொடர்ந்து முகூர்த்தங்கள். என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டர் 1,668 காட்டியது. கடைசியாக ஆயில் மாற்றியது 1,412இல். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எங்கள் என்ஜினின் கையேடு சொல்வதால், இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை. வேலூர் வெயிலில் ஓடும் என்ஜினுக்குத் தவணை தவறக் கூடாது என்று அப்பா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால், வீட்டுக்கே ஆள் அனுப்பி எல்லா விதமான பழுதும் பார்ப்பதாகச் சொல்லும் ஒரு கைபேசிச் செயலியில் பதிவு செய்தேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதே மாதிரியான செயலிகள் பல இருக்கின்றன. எல்லாரும் எதற்கும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். சுத்தமான சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் நல்ல மரியாதை. பையிலிருந்து கையால் இழுக்கும் ஒரு உறிஞ்சு பம்பையும் மெல்லிய குழாயையும் எடுத்தார். மேஸ்திரி எப்போதும் சம்புக்கு, அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றித்தான் பழைய ஆயிலை வடிப்பார் என்பதால், இது எதற்கு என்று கேட்டேன்.

"அக்கா, நான் ஆறு வருஷம் சென்னை காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் வேலை பார்த்தவன். போட்டில் என்ஜின் உள்ளே அடித்தளத்தில் இருக்கும். அடியில் ஒரு தட்டு வைக்கக் கூட இடம் இருக்காது. ஆயில் அளவு பார்க்கும் கம்பி, டிப்ஸ்டிக், நுழையும் குழாய் வழியாகத்தான் உறிஞ்சி எடுப்போம். கீழே ஒரு சொட்டு சிந்தாது. உங்கள் மண்டபத் தரையும் பாழாகாது" என்றார்.

நான் நம்பிய இடம் இதுதான். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதே எனக்கு இப்போது தாங்க முடியாததாக இருக்கிறது. படகின் உள்ளே பொருத்திய என்ஜினுக்கு அப்படித்தான் செய்கிறார்கள் என்று மேஸ்திரியும் நேற்று சொன்னார். அடியில் கை நுழையாது. ஆயில் சிந்தினால் படகின் அடியில் தேங்கும் நீரோடு கலந்து கடலுக்குப் போகும். ஆகவே உறிஞ்சுவதைத் தவிர வேறு வழி அங்கே இல்லை. ஆனால் அங்கே அதைச் செய்கிறவர்கள், முதலில் என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கி இளக்குவார்கள், குழாய் சம்பின் அடியைத் தொடும்வரை இறக்குவார்கள், எத்தனை லிட்டர் உள்ளே இருந்ததோ அத்தனை வெளியே வந்ததா என்று அளந்து பார்ப்பார்கள், அதே கையோடு ஃபில்டரையும் மாற்றுவார்கள். எங்கள் ஜெனரேட்டரோ சிமென்ட் மேடைமேல் நிற்கிறது. ட்ரெயின் போல்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை. வந்தவர் என்ஜினைச் சூடாக்கவும் இல்லை. ஆறிக் கெட்டியாகிக் கிடந்த ஆயிலில் மேலாக இருந்ததை மட்டும் இழுத்தார். அடியில் படிந்த கசடெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் சம்பின் கொள்ளளவு 8 லிட்டர். அவர் உறிஞ்சிய ஆயில் வெள்ளை பிளாஸ்டிக் கேனில் ஐந்தாவது கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். மீதி எங்கே என்று கேட்டதற்கு, "பழைய என்ஜின் அக்கா, கொஞ்சம் ஆயில் குடிக்கும்" என்றார். ஓட்டத்துக்கு முன் டிப்ஸ்டிக் அளவு மேல் கோட்டில் இருந்ததைக் காலையில் நானே பார்த்திருந்தும், அந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டினேன். பிறகு காபி போட உள்ளே போனேன். பத்து நிமிடம்தான். திரும்பி வந்தபோது புது ஆயிலை ஊற்றி முடித்திருந்தார். ஐந்து லிட்டர் காலி டப்பா ஒன்று மூடி திறந்து கிடந்தது, மற்ற சிறு டப்பாக்களைப் பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். மூடியின் முத்திரை வளையத்தை என் கண்முன் உடைக்கவில்லை. டிப்ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டினார்; அளவு சரியாக இருந்தது. எப்படி இருக்காது? ஐந்துக்கும் குறைவாக எடுத்த இடத்தில் ஐந்தை ஊற்றியிருக்கிறார். பில்லில் இருந்ததோ 8 லிட்டர் ஆயிலுக்கு 3,600, ஆயில் ஃபில்டருக்கு 750, டீசல் ஃபில்டருக்கு 900, கூலி 1,600. ஆக 6,850 ரூபாய். பழைய ஆயிலை முறைப்படி அப்புறப்படுத்துவதாகச் சொல்லி அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கும் விலை உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

நான்காம் நாள் டிப்ஸ்டிக்கை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். ஆயில் மை போலக் கறுத்திருந்தது. அதோடு தண்ணீர் போல வழுக்கி ஓடியது. உடனே செயலியின் எண்ணுக்கு அழைத்தேன். டீசல் என்ஜினில் புது ஆயிலும் சீக்கிரம் கறுப்பாகும், அது இயல்பு என்றார்கள். அது உண்மைதான், புகைக்கரியால் கறுக்கும். ஆனால் நான் கேட்டது நிறத்தைப் பற்றி மட்டும் அல்ல, ஆயில் நீர்த்திருப்பதைப் பற்றி. அதற்கு, "மேடம், வீட்டில் சார் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள், டெக்னிக்கலாக விளக்குகிறோம்" என்றார் எதிர்முனையில் பேசிய பெண். அப்பா போன பிறகு ஏழு வருடமாக இந்த மண்டபத்தை நடத்துகிறவள் நான். அன்றைக்கே ஆயிலை வடித்துக் கொட்டியிருக்க வேண்டும். முகூர்த்த வேலையில் விட்டுவிட்டேன்.

ஆயில் மாற்றியதிலிருந்து சரியாக 23 மணி நேரம் ஓடிய பிறகு, மீட்டர் 1,691 காட்டியபோது, என்ஜின் நின்றது. அந்த ராத்திரி வாடகைக்கு வேறு ஜெனரேட்டர் கொண்டுவந்து நிறுத்த 9,500 ரூபாய் ஆனது.

நேற்று மேஸ்திரி கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து என்ஜினைத் திறந்தார். ஆயில் ஃபில்டர் புதிதாக, பளபளவென்று கறுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், டீசலில் நனைத்த துணியால் அதன் அடிப்பாகத்தை அழுத்தித் துடைத்தார். கறுப்புப் பெயின்ட் கரைந்து வந்தது. அதற்கு அடியில் வெள்ளை மையில் "1412" என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் மீட்டர் எண்ணை அதன்மேல் எழுதுவது அப்பா கற்றுக்கொடுத்த பழக்கம். ஃபில்டரைக் கழற்றக் கூட இல்லை. அது இருந்த இடத்திலேயே சாயம் அடித்திருக்கிறார். ஃபில்டர் அடைத்துப்போனால், ஆயிலை அதைத் தாண்டி அனுப்பும் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அப்போது ஆயில் வடிகட்டப்படாமலே கசடோடு, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகும். ஊற்றியதோ, பழைய ஆயிலை வடிகட்டி டப்பாவில் அடைத்தது என்பது மேஸ்திரியின் முடிவு. நீர்த்த ஆயிலில் அழுத்தம் நிற்காது. அழுத்தம் குறைந்தால் என்ஜினைத் தானாக நிறுத்தும் சுவிட்சின் ஒயரும் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பம்பை வைப்பதற்காகக் கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை. அந்த ஒயர் ஒன்று இருந்திருந்தால், விளக்கு அணைந்திருக்கும், என்ஜின் பிழைத்திருக்கும். இப்போது பேரிங்குகள் தேய்ந்து செப்பு நிறம் தெரிகிறது, அந்தத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டில் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்குக் கோடுகள். கிராங்க்கை ராணிப்பேட்டைக்கு அனுப்பிக் கிரைண்டிங் செய்து, புது பேரிங் போட்டு, மற்ற வேலையும் சேர்த்து 41,300 ரூபாய். 6,850, 9,500, 41,300. மொத்தம் 57,650 ரூபாய்.

எங்கள் மண்டபத்துக்கு வந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் நாங்கள் மிச்சம் பிடித்த காசு அது.

நேற்றிலிருந்து செயலிக்கு ஐந்து முறை அழைத்துவிட்டேன். முதல் முறை, உத்தரவாதம் 15 நாள்தான், அது முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை, நாங்கள் வாடிக்கையாளரையும் தொழிலாளியையும் இணைப்பவர்கள் மட்டுமே, வேலைக்குப் பொறுப்பல்ல என்றார்கள். அப்படியானால் பணத்தை ஏன் உங்கள் கணக்கில் வாங்கினீர்கள் என்று கேட்டதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மூன்றாம் முறை பேசியவர், வெளியாள் என்ஜினைத் திறந்துவிட்டதால் புகாரை ஏற்க முடியாது என்றார். இவர்கள் ஆள் வரும்வரை நான் என்ஜினைத் திறக்காமல் காத்திருக்க வேண்டுமாம். நான்காம், ஐந்தாம் முறை பாட்டு மட்டும் ஓடியது. வந்தவரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். பதில் சரியில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

ஜெனரேட்டரோ, டிராக்டரோ, பம்புசெட்டோ, படகோ வைத்திருப்பவர்களுக்கு விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன். மேஸ்திரி கீழே காத்திருக்கிறார், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஆயில் டப்பாவையும் ஃபில்டரையும் நீங்களே கடையில் வாங்கி வையுங்கள், மூடியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். என்ஜினைச் சூடாக்காமல் ஆயிலை எடுக்க விடாதீர்கள். வெளியே வந்ததை அளந்து பாருங்கள். குறைந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். வேலை முடியும்வரை காபி போடக் கூட உள்ளே போகாதீர்கள்.

அந்த ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். பாதி கறுப்புப் பெயின்ட்டும், 1412 என்ற எண்ணும் அப்படியே இருக்கின்றன. ஆணையத்தில் கேட்டால் மேசைமேல் அதைத்தான் வைக்கப் போகிறேன்.