எபாக்ஸி கிரவுட்: மூன்றாவது வருடமும் போகாத அரைவட்டங்கள்

திருச்சியில் இருக்கும் தங்கை போன வாரம் அவள் வீட்டு பாத்ரூமைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்து, வாளி வைக்கிற மூலையில் சிமெண்டே இல்லாமல் பள்ளம். கூடவே, டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கலவையான கிரவுட்டை, சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸிப் பிசினில் நான் போட்டதைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, நீயே பண்ணினியே, அது இன்னும் நிக்குதா? நானும் பண்ணிரவா, இல்ல ஆளைக் கூப்பிடவா?"

நிற்கிறது. நிற்கக் கூடாததும் சேர்ந்து நிற்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில், இரண்டாவது மாடி. போர் தண்ணீர், வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் விளிம்பில் வெள்ளைக் கோடு கட்டும். அந்த உப்புக் கறைக்காகப் பத்து வருடம் மாதம் இரண்டு தடவை ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொன்னோம். டைல்ஸ் பளபளத்தது. இடுக்கில் இருந்த சிமெண்டை ஆசிட் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கரைந்த சிமெண்டில் தண்ணீர் ஊறும், ஊறின இடத்தில் பூஞ்சை பிடிக்கும், அது கறுப்பாகத் தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் ஆசிட். (ஆசிட் ஊற்றின இடத்திலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு.)

இரண்டு பாத்ரூமில் மாமியாருடையதை 2022-ல் ஆள் வைத்துச் செய்தோம். கீழ் வீட்டுக்காரர் அவர் கூரையில் ஈரம் படர்ந்திருப்பதைக் காட்டியதால் வந்த அவசரம். வந்தவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன், பாதியில் கோபம் வந்துவிடுகிறது. முதலில் நல்லது. இரண்டு நாள் யாரும் குளிக்கக் கூடாது என்று தரையைக் காயவிட்டார். அப்புறம் டியூபை நேராகத் தரைத் தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்புக்குள் விட்டு, தரையில் ஒரு சொட்டுப் படாமல் தண்ணீர் திறந்தார். அரை மணி நேரத்தில் கீழே சொட்டியது. அதாவது ஒழுகல் டைல்ஸ் இடுக்கில் இல்லை, ட்ராப் குழாயோடு சேரும் இடத்தில். அதைச் சுற்றி நாலு டைல்ஸை உடைத்து, சரிசெய்து, திரும்பப் பதித்தார். அந்த ஒழுகல் அதோடு நின்றது, இன்றுவரை இல்லை. கிரவுட்டை மாற்றினால் ஒழுகல் நின்றுவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுக் கொட்டலாம்.

இனி மற்றது. "எபாக்ஸி போட்டா சொட்டுத் தண்ணி இறங்காது சார்" என்று என் கணவரிடம் சொல்லி (கேட்டது நான், பதில் அவருக்கு), எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய் வாங்கினார். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பழைய கிரவுட்டைச் சுரண்டாமலே மேலே பூசிவிட்டுப் போயிருக்கிறார். புதுசு பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று மில்லிமீட்டராவது பள்ளம் வேண்டும். இல்லாததால் அஞ்சாவது மாதம் தட்டில் காய்ந்த சோற்றுப் பருக்கை மாதிரி உரிந்து வர ஆரம்பித்தது. மூன்று தடவை போன் செய்த பிறகு வந்து பாதியைச் சரிசெய்தார். மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் இன்னொரு பாத்ரூமை நானே செய்கிறேன் என்று இறங்கினேன். தரையும், சுவரில் நாலு அடி உயரமும். செலவு 2,150 ரூபாய்: ஒரு கிலோ எபாக்ஸி இரண்டு பாக்கெட், ரப்பர் கரண்டி, கையுறை, ஒரு சிலிகான் டியூப், அதை அழுத்துகிற கன். ஒரு கிலோவே போதும். இரண்டாவது ஏன் வாங்கினேன் என்று வருகிறேன்.

சுரண்டுவதுதான் முக்கால்வாசி வேலை. எங்கள் டைல்ஸ், இடைவெளிக்கான ஸ்பேசர் வைக்காமல் நெருக்கி ஒட்டினது, இடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கடையில் கொடுத்த கிரவுட் சுரண்டி உள்ளேயே போகவில்லை. கடைசியில் உதவியது, உடைந்த ஹேக்ஸா பிளேடில் பாதி, பிடிக்கிற பக்கம் பழந்துணி சுற்றியது. மூன்று நாள். மணிக்கட்டு போயிற்று, இரண்டு டைல்ஸில் விளிம்பு பெயர்ந்தது. பிறகு பிரஷ் போட்டுத் தூசியை எடுத்து, டேபிள் ஃபேனை இரண்டு நாள் ஓடவிட்டுக் காயவைத்தேன். அதனால்தான் மே மாதத்தில் செய்தேன். ஐப்பசி அடைமழையில் இதை ஆரம்பிக்காதீர்கள், இடுக்கு காயவே காயாது.

கலப்பது சமையல் மாதிரிதான், கண்ணளவு மட்டும் கூடாது. ரெசின் என்கிற பிசின், அதைக் கெட்டியாக்குகிற ஹார்டனர், பவுடர், மூன்றும் பாக்கெட்டில் சொன்ன எடையில். ஹார்டனர் குறைந்தால் சில இடம் கடைசிவரை பிசுபிசுவென்றே நிற்கும். சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்தேன், முழு பாக்கெட்டையும் ஒரே பிளாஸ்டிக் மக்கில் கலந்தேன். தப்பு. இந்தக் கலவை கெட்டியாகும்போது தானாகவே சூடாகும், குவியலாக இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாகக் கெட்டியாகும். கால் மணி நேரத்தில் மக்கு கையில் சுட ஆரம்பித்தது. அடுத்த பத்து நிமிடத்தில் கரண்டி அதற்குள் நட்டுவைத்த கொடிக்கம்பம். அந்த மக்கு இன்னும் பால்கனியில் இருக்கிறது, கரண்டியோடு. இரண்டாவது பாக்கெட்டைக் கால் கால் பங்காகக் கலந்து, பழைய தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு செய்தேன். பிரச்சினை இல்லை.

இப்போது அரைவட்டங்கள்.

எபாக்ஸியை இடுக்கில் அழுத்தியபின் டைல்ஸ் மேல் ஒரு மெல்லிய படலம் தங்கும். கெட்டியாகும் முன், தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, ஸ்பாஞ்சால் வட்டமாகத் துடைத்து, தண்ணீரை மாற்றி மாற்றித் திரும்பத் துடைக்க வேண்டும். மூன்று சுவரை ஒழுங்காகத்தான் துடைத்தேன். நாலாவது சுவரில் இருக்கும்போது காலிங் பெல். கேஸ் சிலிண்டர். கையுறையைக் கழற்றி, பணத்தைத் தேடி, ரெகுலேட்டரைச் சரிபார்த்து, திரும்பி வந்தால் படலம் இறுகிவிட்டது. துடைப்பதை விட்டுக் கை எடுத்த இடம்வரை பளபளப்பு, அதற்கு அப்பால் மங்கல்.

காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் வெந்நீர் வைத்துக் குளித்து முடித்ததும் ஆவி படியும் பாருங்கள், என் கை போன வழி முழுவதும் அரைவட்டம் அரைவட்டமாகச் சுவரில் எழும். சரியாக முக்காலியில் உட்கார்ந்தால் கண் மட்டத்தில். வினிகர், எலுமிச்சை, சோடா உப்பு, மண்ணெண்ணெய், கடைசியில் கோபத்தில் நான் விட்டொழித்த அதே ஆசிட்டும் ஒரு மூலையில் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. எப்படி அசையும்? ஆசிட்டுக்கு அசையாது என்றுதானே விலை கொடுத்து வாங்கினேன். பிளேடால் தடிப்பான இடங்களைச் சுரண்டி எடுத்தேன், அவ்வளவுதான். மாமியார் இன்றைக்கும் கேட்பார்: "அந்தச் செவுத்த இன்னும் துடைக்கலையாம்மா?"

கோபத்துக்கு நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆள் செய்த பாத்ரூமில் இந்தப் படலம் ஒரு டைலில்கூட இல்லை. கிரவுட் உரிந்ததே தவிர, துடைப்பு அருமை. ஒருவர் கலக்க, ஒருவர் பூச, சித்தாள் ஒருவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தார். மூன்று பேர் வேலையை நான் ஒருத்தி, இடையில் சிலிண்டர்.

என் வேலையின் கிரவுட் மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கோடு கறுக்கவில்லை. சீயக்காய்ப் பழுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஈரத்துணிக்கே போகிறது. மஞ்சள் மட்டும் ஓரிரு நாள் நின்று வெளிச்சத்தில் தானாக மங்கிவிடும். சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் போடாமல், ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கிற சிலிகான் போட்டதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். அந்த இடம் மயிரிழை அசையும், எபாக்ஸியாக இருந்தாலும் விரிசல் விடும். ஆள் செய்த பக்கத்தில் விட்டிருக்கிறது. கையுறைக்கு மேலே முழங்கையில் கலவை பட்டு ஒரு வாரம் அரித்தது, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊறாமலிருக்க கிரவுட் மேல் அடிக்கிற சீலர் பற்றியும் தங்கை கேட்டாள். எபாக்ஸிக்கு வேண்டாம். பால்கனி சிமெண்ட் கிரவுட்டுக்கு அடித்தேன், ஒரு வருடம் தாங்கியது. இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்க வேண்டும். கறுத்து உள்ளே இறங்கினால் திரும்ப அடிக்கும் நேரம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவளுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? ஆளைக் கூப்பிடு என்றுதான். அன்று காலை வெந்நீரில் குளித்துவிட்டு வந்திருந்தேன். ஆள் செய்த பாத்ரூமில் எது போனாலும் போன் போட்டுத் திட்டலாம். என் சுவருக்கு யாரைத் திட்டுவது? பக்கத்தில் நின்று பழைய கிரவுட்டைச் சுரண்ட வை, சுரண்டாமல் பூச விடாதே, மூலைக்குச் சிலிகான் கேள் என்றேன். "சரிக்கா" என்றாள். அவள் "சரி" என்றால் கேட்கமாட்டாள் என்று அர்த்தம்.

நேற்று கூரியரில் ஒரு பார்சல் போட்டேன். சிலிகான் கன், மீந்த கையுறை, துணி சுற்றிய அந்த அரை பிளேடு. தராசு அனுப்பவில்லை, அதன் தட்டில் ரெசின் ஒட்டிக்கொண்டு காலியாக இருக்கும்போதே 12 கிராம் காட்டுகிறது.