எஸ்எஸ் கைப்பிடி போட்ட அனுபவம்: மாடிப்படி சூப்பர், பால்கனில மாட்டிக்கிட்டேன்

தூத்துக்குடில புது வீட்டுக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி போட்டு எட்டு மாசம் ஆச்சு. போட்ட அன்னிக்கே எழுதிருந்தா அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன். கடை பேரு போடல, அண்ணாச்சி கடைசில சரி பண்ணிக் குடுத்துட்டாரு, அதனால.

மாடிப்படி வேல நெசமாவே அருமை. மேல 2 இன்ச் பைப்பு, கீழ குறுக்க மூணு மெல்லிசு பைப்பு ஓடுற டிசைன்தான் நான் காட்டுனேன், அதுக்கு அவரு "வீட்ல சின்னப்புள்ள இருக்குல்லா, குறுக்க போட்டா ஏணி மாதிரி ஏறிரும், நெட்டுக்குத்தா போடுவோம், இடைவெளி 4 இன்ச்ச தாண்ட வேண்டாம், தலைய விட்டுரும்"னு சொன்னாரு. நெட்டுக்குப் போட்டா பைப்பு அதிகமா செலவாகும், பில்லு ஏத்தத்தான் சொல்றாருன்னு நெனச்சேன், இப்ப என் பையன் காலு வைக்க எடம் தேடிட்டு திரும்பி வர்றதப் பாக்கும்போது அவரு சொன்னதுதான் சரின்னு தோணுது. திருப்பத்துல பைப்ப கட் பண்ணி நிறுத்தாம வளைச்சு விட்டதால, முட்டி வலிக்கார எங்கம்மா மேல இருந்து கீழ வரைக்கும் கைய எடுக்காம வந்துர்றாங்க. ஆர்கான் வெல்டிங், பஃபிங் (தேச்சு பளபளப்பாக்குறது) எல்லாம் நல்லா பண்ணிருக்காங்க, ஒரே எடத்துல பைப்புக்கு அடியில பிசிறு விட்டு வீட்டம்மா சேலை மாட்டுச்சு, போன் பண்ணதும் சாயங்காலமே ஒரு தம்பி வந்து அஞ்சு நிமிசத்துல தேச்சுட்டுப் போனான்.

வம்பு பால்கனிலதான். ரெண்டாவது மாசமே வெல்டிங் பக்கத்துல டீ சிந்துன மாதிரி பழுப்புப் புள்ளி. கேட்டா "ஆசிட் ஊத்தி கழுவிருப்பிய"ன்னாரு. பொய்யில்ல, டைல்ஸ்காரர் பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி ஆசிட் போட்டுத்தான் கழுவுனாரு, அந்தப் பொகையே எஸ்எஸ்ஸ அரிச்சிரும். ஆனா அதே ஆசிட்தான மாடிப்படிக்கும், அங்க ஒரு புள்ளி கூட இல்லையே?

பேப்ரிகேசன் தெரிஞ்ச பிரண்டு ஒருத்தன் எஸ்எஸ் என்ன கிரேடுன்னு பாக்குற டெஸ்டிங் லிக்விட் கொண்டு வந்தான். ஒரு சொட்டு விட்டு சின்ன பேட்டரிய தொட வச்சா, மாடிப்படில ஒண்ணும் ஆகல, பால்கனில செக்கச்செவேல்னு ஆயிருச்சு. அது 202, வெலை கம்மியான கிரேடு. 304 அதவிட நல்ல கிரேடு. காந்தம் வச்சுப் பாருங்கன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க, 202ம் 304ம் ரெண்டுமே பெருசா ஒட்டாது. 304ல நிக்கல் 8 சதவீதம் போல இருக்கும், 202ல நிக்கல கொறைச்சு மாங்கனீஸ் சேத்து வெலைய எறக்கிருப்பாங்க. நம்மூரு உப்புக் காத்துக்கு 304லயே கறை வரும், மாலிப்டினம்ங்கிற உலோகம் சேந்த 316 கிரேடுதான் தாங்கும், வெல கூடத்தான்.

என் பில்லுல வெறும் "எஸ்எஸ் பைப்"னு எழுதிருந்துச்சு, கிரேடும் இல்ல, கேஜும் (பைப்போட தடிமன்) இல்ல, நானும் பாக்காம கையெழுத்து போட்டுட்டேன். பைப்பு மாறி வந்துருச்சுன்னு அண்ணாச்சி ஒத்துக்கிட்டாரு, கடைசில வெலை வித்தியாசம் மட்டும் நான், கூலி அவருன்னு பேசி பால்கனி முழுக்க 316 மாத்தியாச்சு, இந்த தடவ கிரேடு பில்லுல இருக்கு. ஐப்பசி மழை தாண்டியும் புள்ளி இல்ல, ரெண்டு வாரத்துக்கு ஒருக்க நல்ல தண்ணில தொடைக்கிறேன், அவ்ளோதான்.

மூணரை ஸ்டார். தரைல போல்ட்ட மறைக்கிற கப்பு ரெண்டு இன்னும் லூசா ஆடிக்கிட்டுத்தான் கெடக்கு, ஞாயித்துக்கெழம ஆள் அனுப்புறேன்னு சொன்னாரு, இது மூணாவது ஞாயிறு.