பிஜி_டம்ப்பில் ஜாப்ஸ் ஆப்ஷன்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு பிஜி_டம்ப் மூலம் பேக்கப் எடுக்கும் பலர், வேலையை ஒரே நேரத்தில் பல வொர்க்கர்களுக்கு (தனித்தனியாக ஓடும் புராசஸ்களுக்கு) பிரித்துக்கொடுக்கும் ஜாப்ஸ் ஆப்ஷனைத் தொடுவதே இல்லை. 2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது. ஓர் ஆர்டர் டேட்டாபேஸில் சில வருடங்களாக அதைத் தினமும் இரவு ஓட்டிவருகிறேன். எட்டு கோர் சர்வர், ஜாப்ஸ் 4. முன்பு விடியும்வரை இழுத்த பேக்கப், இப்போது நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இதற்கு டைரக்டரி ஃபார்மட் கட்டாயம். ஒவ்வொரு டேபிளின் டேட்டாவும் தனித்தனி ஃபைலாக விழும், நான்கு வொர்க்கர்கள் ஆளுக்கொரு டேபிளை எடுத்துக்கொள்வார்கள். மேற்பார்வைக்கு ஒரு கனெக்‌ஷன் கூடுதலாகத் தேவை, ஆக மொத்தம் ஐந்து. எல்லா வொர்க்கர்களும் ஒரே ஸ்னாப்ஷாட்டை (டேட்டாபேஸின் ஒரு கணத்து நிலையை) பகிர்ந்துகொள்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆர்டர் டேபிளை ஒருவரும் பேமென்ட் டேபிளை இன்னொருவரும் வெவ்வேறு நேரத்தில் படித்தாலும், இரண்டும் ஒரே கணத்தின் நிலையைத்தான் காட்டும். வேகத்துக்காக டேட்டாவின் ஒழுங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஜாப்ஸை நான்காக்கினால் நேரம் நாலில் ஒன்றாகிவிடாது. ஒரு டேபிளை ஒரு வொர்க்கர்தான் படிக்க முடியும். எங்களிடம் ஒரு ஆடிட் லாக் டேபிள் (யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவு) இருந்தது. மற்ற டேபிள்கள் எல்லாம் சேர்ந்தாலும் அதன் அளவுக்கு வராது. பேக்கப் ஓடும்போது, சிபியு பயன்பாட்டைக் காட்டும் ஹெச்டாப்பைத் திறந்தால் முதலில் எட்டில் நான்கு கோர்கள் நிரம்பி நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசியில் ஒரே ஒரு கோர் மட்டும் நூறு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது ஓடும் கட்டளைகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பார்த்தால் அதே ஆடிட் டேபிளின் காப்பி கட்டளைதான். அந்த நிலையில் ஜாப்ஸை எட்டாக்கினாலும் பயனில்லை. அந்த டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்தபிறகுதான் (சிறு துண்டுகளாகப் பிரித்தபிறகுதான்) உண்மையான வேகம் கிடைத்தது, ஏனென்றால் டம்ப்பின் கணக்கில் ஒவ்வொரு பார்ட்டிஷனும் ஒரு தனி டேபிள். ஆகவே ஜாப்ஸ் எண்ணிக்கையை யோசிப்பதற்கு முன், உங்கள் பெரிய டேபிள்களின் அளவைப் பாருங்கள்.

அடுத்தது லாக். மேற்பார்வை கனெக்‌ஷன் முதலில் எல்லா டேபிள்களுக்கும் ஆக்சஸ் ஷேர் லாக் (டேபிளின் அமைப்பை யாரும் மாற்றாதபடி பிடித்துவைக்கும் பூட்டு) வாங்கிவைக்கும். பிறகு வொர்க்கரும் தன் டேபிளுக்கு அதே லாக்கைக் கேட்கும். நடுவில் யாராவது டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையைக் கொடுத்துக் காத்திருந்தால், வொர்க்கர் அதன் பின்னால் வரிசையில் நிற்காமல் பேக்கப்பையே நிறுத்திவிடும். நின்றால் ஒருவருக்காக ஒருவர் முடிவில்லாமல் காத்திருக்கும் டெட்லாக் ஆகும் என்பதால் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சரியான முடிவுதான். நாங்கள் பேக்கப் நேரத்தில் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) ஓடாதபடி வைத்துவிட்டோம்.

கம்ப்ரஷனும் வொர்க்கர்களுக்குள்ளேயே நடப்பதால் சிபியு நன்றாகவே செலவாகும். 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில் இசட்ஸ்டாண்டர்ட் என்ற கம்ப்ரஷன் முறை சேர்ந்தது. பழைய முறையான ஜிஜிப்பிலிருந்து அதற்கு மாறியது எனக்குப் பெரிய நிம்மதி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் பல வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடத்தைப் படிக்கச் சொல்லி டிஸ்க்கைத் திணறடிக்கலாம். அங்கே இரண்டில் தொடங்கிப் பாருங்கள்.

என் அனுபவத்தில் அதிக லாபம், பேக்கப்பைத் திரும்ப ஏற்றும் ரிஸ்டோரில்தான். பிஜி_ரிஸ்டோரும் ஜாப்ஸை ஏற்கும். டேட்டாவை ஏற்றுவதோடு இண்டெக்ஸ் கட்டுவதையும் அது வொர்க்கர்களுக்குப் பிரித்துக்கொடுக்கிறது. ரிஸ்டோரில் நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் இண்டெக்ஸ்தான். ஒரே டேபிளின் நான்கு இண்டெக்ஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் உருவாவதைப் பார்க்கும்போது, இத்தனை நாள் இதை வரிசையில் நிற்கவைத்திருக்கிறோமே என்று தோன்றும். இண்டெக்ஸ் கட்டும்போது பயன்படும் மெமரியின் வரம்பான மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் அளவை மட்டும் ஜாப்ஸால் பெருக்கிப் பார்த்து வையுங்கள். ஒவ்வொரு வொர்க்கரும் அதைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும்.

ரிஸ்டோரை முழுதாக முடிந்தால் எல்லாம், இல்லையென்றால் எதுவுமில்லை என்று ஒரே வேலையாகச் செய்யும் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷனோடு ஜாப்ஸ் சேராது. அதனால் எப்போதும் புதிய காலி டேட்டாபேஸில்தான் ரிஸ்டோர் செய்கிறேன். பாதியில் நின்றால் அதை டிராப் செய்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஏற்றி முடிந்ததும் வேக்யூம்டிபி கருவியால் அனலைஸ் (டேபிள்களின் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் கட்டளை) ஓட்டுகிறேன், அதற்கும் ஜாப்ஸ் உண்டு.