தூக்கு மூடியா, தள்ளு மூடியா?

ஆர்வி-7 விமானத்தைக் கிட்டாக, அதாவது பாகங்களின் தொகுப்பாக, வாங்குபவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விமானியின் தலைக்கு மேலே வரும் கண்ணாடி மூடியை முன்பக்கக் கீலில் தூக்கித் திறப்பதா, தண்டவாளத்தில் பின்னால் தள்ளித் திறப்பதா? அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் அரோராவில் இருக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் இந்த மாதிரிக்கு இரண்டு வகையையும் விற்கிறது. அருகருகே இருவர் அமரும் இந்தச் சிறு விமானத்தை வாங்கியவரே வீட்டுக் கராஜில், தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டை ஒவ்வொன்றாக அடித்துக் கட்டிக்கொள்கிறார். வேலையில் பாதிக்கு மேல் கட்டுபவர் கையால் நடந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. உலோக வேலை முழுவதையும் சிரித்துக்கொண்டே முடித்தவர்கள்கூட மூடிக்கு வந்ததும் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள்.

இரண்டு வகைக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் குமிழ் போல ஊதி வார்த்த ஒரே பெரிய துண்டு. அதை எந்த இடத்தில் இரண்டாக வெட்டுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. தள்ளு மூடியில் முன்பகுதி காற்றுத்தடுப்புக் கண்ணாடியாக விமானத்தோடு நிலைத்துவிடும், பின்பகுதி நகரும். தூக்கு மூடியில் முன்பகுதி எழும்பும், இருக்கைக்குப் பின்னால் உள்ள துண்டு நிலையான ஜன்னலாகிவிடும். இந்த வெட்டைக் கட்டுபவர்கள் ‘பெரிய வெட்டு’ என்கிறார்கள். பெயரிலேயே நடுக்கம் தெரிகிறது.

பார்வை என்று வந்தால் தூக்கு மூடிக்குத்தான் என் ஓட்டு. தள்ளு மூடியில் விமானம் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் கண்ணுக்கு முன்னே வளைந்து நிற்கிறது. தூக்கு மூடியில் அது இருக்கைக்குப் பின்னால் போய்விடுவதால் எதிரே வானம் மட்டும்தான். கொஞ்ச நாளில் கண் பழகிவிடும் என்று தள்ளு மூடிக்காரர்கள் சொல்கிறார்கள். பழகிவிடும் என்று சொல்ல வேண்டியிருப்பதே ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

தரையில் கதை மாறுகிறது. கோடையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போது தள்ளு மூடியைப் பின்னால் விட்டுக் காற்று வாங்கலாம். தூக்கு மூடியை அப்படி முழுக்கத் திறந்து வைக்க முடியாது, புரொப்பெல்லர் தள்ளும் காற்று அதைச் சும்மா விடாது. ஓரிரு அங்குலம் இடைவெளி விட்டுப் பிடித்து வைப்பதே அதிகம். அக்ரிலிக் குமிழுக்குள் உட்கார்ந்து வெயில் காய்வது எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாடி மூடிய காரை வெயிலில் நிறுத்தியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலையின் கடினத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவரல்ல. தள்ளு மூடியின் எஃகுக் குழாய்ச் சட்டம் குமிழின் வளைவோடு தானாகப் பொருந்தாது, வளைத்து வளைத்துப் பார்க்க வேண்டும். கீழ்விளிம்பில் உடற்பகுதியைத் தழுவி நிற்க வேண்டிய தகடுகளைப் ‘பாவாடை’ என்பார்கள். அதன் பின்மூலை உடலோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பல விமானங்களில் பார்க்கலாம். தூக்கு மூடியின் தலைவலி முன்னே இருக்கிறது. கருவிப் பலகைக்கு மேலே உள்ள தகடும் மூடியோடு சேர்ந்து எழும்பும். அந்த இணைப்பு சரியாக அடைபடாவிட்டால் மழைநீர் நேராக ரேடியோ முதலான மின்னணுக் கருவிகள்மேல் சொட்டும். ஆனால் அதே அமைப்பில் ஒரு வரமும் உண்டு. மூடியைத் தூக்கினால் பலகையின் பின்புறம் கைக்கு எட்டிவிடும். தள்ளு மூடி விமானத்தில் ஒரு கம்பியைச் சரிபார்க்க, கால் மிதிக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும்.

தாழ் சரியாக விழாமல் பறக்கும்போது திறந்துகொண்டால்? இரண்டுமே சில அங்குலம் திறந்து அங்கேயே நிற்பதுதான் வழக்கம். இரைச்சல் பயங்கரமாக இருக்கும், விமானம் பறக்கும். மூடியை இழுத்துப் பிடிக்கப் போய் விமானத்தைக் கவனிக்காமல் விடுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கவிழ்ந்து கிடந்தால் இரண்டிலிருந்தும் வெளியேறுவது கடினம். கண்ணாடியை உடைக்க ஒரு கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் கட்டி வைப்பது நல்லது.

இதுவரை சொன்னதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத அடுத்த தேர்வு. அக்ரிலிக்கைச் சட்டத்தோடு எதைக் கொண்டு இணைப்பது, ரிவெட்டாலா, பசையாலா? வெப்பத்தில் ஒரு மீட்டர் அக்ரிலிக் 40 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கு ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் 0.9, எஃகு 0.5 அளவுதான் நீளும். இந்த இழுபறி முழுவதும் ரிவெட் துளைகளின் விளிம்பில் வந்து விழுகிறது. அதனால்தான் துளையை ரிவெட்டைவிடப் பெரிதாகப் போடுகிறார்கள்: 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 4 மில்லிமீட்டர் துளை. சாதாரண டிரில் முனை அக்ரிலிக்கைக் கவ்விப் பிளந்துவிடும் என்பதால் அதற்கென்று கூராகத் தீட்டிய முனை வேண்டும். வெட்டிய விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கீறல் இருக்கும் இடத்தில்தான் விரிசல் பிறக்கிறது. கராஜ் 24, 25 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வெட்டவும் துளையிடவும் வேண்டும், குளிரில் அக்ரிலிக் முறுக்கு போல நொறுங்கும். ஒரு நண்பரின் கராஜில் குளிர்கால மாலை ஒன்றில் ‘இன்னும் இரண்டே துளை’ என்று அவசரப்பட்டவன் நான். இரண்டாவது துளையில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒரு விரல் நீள விரிசல். அதன் நுனியில் சிறு துளை போட்டு மேலே ஓடாமல் நிறுத்தினோம். புதுக் குமிழ் ஆயிரம் டாலருக்கு மேல் என்பதால் நண்பர் அன்றைக்கு அதிகம் பேசவில்லை.

பசை என்றால் கட்டுபவர்கள் பெரும்பாலும் சிக்காஃப்ளெக்ஸைச் சொல்கிறார்கள். ரப்பர் போல நெகிழும் பாலியூரித்தேன் பசை அது. துளையே இல்லாததால் விரிசலின் பிறப்பிடமே ஒழிகிறது, விரிவையும் சுருக்கத்தையும் பசை தாங்கிக்கொள்கிறது. ஆனால் அது மெல்லிய பூச்சாக இருந்தால் நெகிழாது. சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும், அதற்காகச் சிறு ரப்பர் துண்டுகளை இடையில் வைக்கிறார்கள். புற ஊதாக் கதிர் பட்டால் பிடிப்பு போய்விடும் என்பதால் அக்ரிலிக்கில் கறுப்பு பிரைமர் என்ற அடிப்பூச்சு கட்டாயம். பிசகினால் கழற்றுவது பெரும்பாடு, கம்பியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கறுப்புக் கறை கையில், சட்டையில், கராஜ் கதவில் என்று பல நாள் நிற்கும். அதைத் துடைக்கக் கைக்குக் கிடைத்த கரைப்பானை எடுத்துவிடக் கூடாது, அசிட்டோனும் பெட்ரோலும் அக்ரிலிக்கில் சிலந்தி வலை போன்ற நுண்விரிசலை உண்டாக்கும்.

என்னைக் கேட்டால் பசைதான், அதுவும் தூக்கு மூடியோடு. கருவிகளை மாற்றிக்கொண்டே இருப்பவன் பலகையின் பின்னால் கை நுழையும் வழியை விடமாட்டான். திறந்தவெளியில் மழையில் விமானத்தை நிறுத்த வேண்டியவர் வேறு முடிவுக்கு வரலாம். நண்பர் தள்ளு மூடியையே எடுத்தார், ரிவெட்டோடு. கோடையில் ஓடுபாதை முனையில் முறைக்குக் காத்திருக்கும்போது முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு உட்கார அவருக்குப் பிடிக்கும்.